கிருபை, மன்னிப்பு, சமாதானம்: வீட்டு ஜெபம் முடிந்து செருப்புத் தேடும்போது கேட்கிற கேள்விகள்

திருப்பூர் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வேதபாடம் எடுக்கிறேன். ஆயர் கிடையாது, பகலில் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கூட்டத்துக்கு நடுவில் "கேள்வி இருக்குதுங்களா" என்றால் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். சுண்டலும் டீயும் முடிந்து வாசலில் செருப்புத் தேடும்போதுதான் மெதுவாகப் பக்கத்தில் வந்து "ஏனுங்கண்ணா, ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். வருகிறவை பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள் என்பதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவரவர் பேச்சிலேயே இருக்கின்றன, ஆள் அடையாளம் தெரிகிற விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

கிருபை கிருபைன்னு வாய்க்கு வாய் சொல்றீங்களே, அப்படின்னா என்னங்க?

நம் தகுதியைப் பார்க்காமல் கடவுள் நம்மேல் வைக்கிற தயவு. இப்படிச் சொன்னால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், அதனால் மத்தேயு 20-ல் இயேசு சொன்ன கதையையே சொல்கிறேன். திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஒரு பணம் கூலி பேசி ஆள் எடுக்கிறார். அப்புறம் ஒன்பது மணிக்கு, பன்னிரண்டுக்கு, மூன்றுக்கு, கடைசியாகச் சாயங்காலம் ஐந்து மணிக்கும் போய் நிற்கிறவர்களைக் கூட்டி வருகிறார். ஆறு மணிக்குக் கணக்கு முடிக்கும்போது எல்லார் கையிலும் அதே ஒரு பணம்.

சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற ஊரில் இந்தக் கதை சட்டென்று பிடிக்காது. ஒன்றரை ஷிப்ட் நின்றவனுக்கும் ஒரு மணி நேரம் நின்றவனுக்கும் ஒரே சம்பளமா என்று ஓவர்லாக் மிஷினில் உட்கார்கிற ஒரு அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டார். கேட்டது சரிதான், அந்த எரிச்சல் வராதவருக்குக் கதை புரியவில்லை என்றுதான் அர்த்தம். காலையில் வந்தவனுக்குப் பேசின கூலியில் காசு குறையவில்லை. சாயங்காலம் வந்தவன் வீட்டிலும் அன்றைக்கு அடுப்பு எரிந்தது. கடவுள் நம்மிடம் நடந்துகொள்வது அப்படி, நம்மில் முக்கால்வாசிப் பேர் ஐந்து மணி ஆட்கள்தான். (இதைச் சாக்கு வைத்துச் சம்பளத்தை இழுத்தடிக்கிற முதலாளி யாராவது படித்தால், யாக்கோபு 5:4-ஐயும் படித்துவிடுங்கள். கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று அங்கே இருக்கிறது.)

அப்போ கிருபை இருந்தா தொழில் ஓடணும் இல்லீங்களா? எங்களுக்கு ஆர்டரே வரலையே.

அப்படி ஒரு ஒப்பந்தம் வேதத்தில் எங்கேயும் இல்லை. அப்போஸ்தலரான பவுலுக்கு உடம்பில் ஏதோ ஒரு முள், என்ன வியாதி என்று அவர் சொல்லவில்லை. மூன்று தரம் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். கிடைத்த பதில் "என் கிருபை உனக்குப்போதும்" என்பதுதான், முள் போகவில்லை. ஆர்டர் வராததற்கு நூல் விலை, வெளிநாட்டுப் போட்டி, பேங்க் வட்டி என்று ஆயிரம் காரணம் இருக்கும். அதை உங்கள் விசுவாசத்தின் மார்க் ஷீட்டாக யாராவது படித்துக் காட்டினால் நம்ப வேண்டாம்.

கருமத்தம்பட்டி மாதா கோயிலுக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கிட்டா அந்தப் பாவம் தீருமா?

நடந்து போங்கள், யாரும் தடுக்கவில்லை. அக்டோபரில் ஜெபமாலை மாதா திருவிழாவுக்குப் போய்வந்தவர்கள் மனசு லேசாகி வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் நடந்த தூரத்துக்குக் கூலியாக மன்னிப்பு கிடைக்கும் என்று நினைத்தால் மேலே சொன்ன தோட்டக் கதை தலைகீழாகிவிடும். "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறது எபேசியர் 2:8. இதில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்ற பேதமில்லை, காசு கொடுத்தோ கால் வலிக்க நடந்தோ மன்னிப்பை வாங்கலாம் என்று எந்தச் சபையும் போதிப்பதில்லை. நன்றிக்காக நடப்பது வேறு.

சாமியார்கிட்ட சொன்னாத்தான் மன்னிப்பா? நேரா கடவுள்கிட்ட சொன்னா பத்தாதா?

கத்தோலிக்கர்கள் பாவசங்கீர்த்தனத்தை, அதாவது சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடுவதை, ஒரு அருட்சாதனமாக (கடவுளின் அருளைத் தருகிற சடங்காக) கொள்கிறார்கள். எங்களைப் போன்ற சபைகளில் ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து பாவ அறிக்கை செய்வோம், ஆயர் மன்னிப்பின் வசனம் சொல்வார். நேராகச் சொன்னால் அவர் கேட்கிறார், 1 யோவான் 1:9 அதற்குப் போதும். ஆனாலும் "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு எழுதியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வருஷக்கணக்காக மனசுக்குள் பூட்டி வைத்ததை வாய் காக்கிற ஒரு ஆளிடம் சொல்லிவிட்டால் பாதிப் பாரம் இறங்கும். அந்த ஆளைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் ஜாக்கிரதை, எங்கள் ஜெபக்கூட்டத்திலேயே "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் ஊர் முழுக்கப் பரப்புகிறவர்கள் உண்டு.

மன்னிப்பு கேட்டாச்சுங்க. ஆனா மன்னிச்ச மாதிரி மனசுல தோணவே மாட்டேங்குது.

தோன்ற வேண்டும் என்று மேலே சொன்ன 1 யோவான் 1:9 சொல்லவில்லையே. நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பதற்கு "உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்றுதான் இருக்கிறது, நம் மனசு என்ன சொல்கிறது என்பதைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. லூக்கா 15-ல் இளைய மகன் வீட்டுக்குத் திரும்பும்போது "உம்முடைய கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்று ஒரு வசனத்தை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வருகிறான். அந்த வரியைச் சொல்லவே அப்பா விடவில்லை, அதற்குள் மோதிரம், செருப்பு, விருந்து என்று ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான், ஆனால் அவன் மகனாகத்தான் அந்த வீட்டில் படுத்தான்.

மன்னிக்கவே முடியாத பாவம்னு ஒண்ணு இருக்குதாமே. நான் அதைச் செஞ்சிருப்பேனோ?

மத்தேயு 12-ல் வருகிறது. ஆவியானவர் செய்த நன்மையைக் கண்ணால் பார்த்துவிட்டு அதைப் பிசாசின் வேலை என்று பிடிவாதமாகச் சொன்னவர்களிடம் இயேசு பேசினது. செய்திருப்பேனோ என்று பயந்து கேட்கிறீர்கள் பாருங்கள், அந்தக் கல்நெஞ்சு உங்களிடம் இல்லை. தூங்கப் போங்கள்.

ஞாயித்துக்கிழமை அழுது மன்னிப்பு கேக்கறேன், செவ்வாய்க்கிழமை மறுபடி டாஸ்மாக் வாசல்ல நிக்கறேன். கடவுளுக்கே சலிச்சுப் போகாதா?

அவருக்குச் சலிக்காது. பேதுருவிடம் ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொன்னவர் தானே அதைக் குறைத்துச் செய்வாரா? ஆனால் "கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா?" என்று ரோமர் 6-ல் பவுல் கேட்டுவிட்டு "கூடாதே" என்கிறார். அழுகையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். சம்பளக் கவரை வீட்டம்மா கையில் கொடுங்கள், வேறு வழியாக வீட்டுக்குப் போங்கள், குடிமறப்புச் சிகிச்சைக்கு அரசு ஆஸ்பத்திரியில் கேளுங்கள். கிருபை அந்த வழியாகவும் வேலை செய்யும்.

எத்தனை தடவைதான் மன்னிக்கறது? நாங்க என்ன ஏமாளியா?

மேலே சொன்ன ஏழெழுபதுக்கு அடுத்த வரியிலேயே இயேசு ஒரு கடன் கதை சொல்கிறார். ராஜாவுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவனுக்கு முழுவதும் தள்ளுபடி. அவன் வெளியே வந்து, தனக்கு நூறு வெள்ளிப்பணம் தர வேண்டியவன் கழுத்தைப் பிடிக்கிறான். கணக்குப் பார்க்கிறவன் என்பதால் இதைப் போட்டுப் பார்த்தேன். வெள்ளிப்பணம் ஒன்று அன்றைக்கு ஒரு நாள் கூலி, தாலந்து ஒன்று சுமார் 6000 வெள்ளிப்பணம். நாளுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் முதல் கடன் 3000 கோடி. இரண்டாவது கடன் 50,000 ரூபாய்.

இதில் எல்லாரும் 3000 கோடியைப் பார்த்து வாய் பிளக்கிறார்கள். நான் 50,000-ஐப் பார்க்கச் சொல்வேன். அது சில்லறை இல்லை, மூன்று மாசத்துக்கு மேலான உழைப்பு, கூலிக்காரன் வீட்டில் அந்தப் பணம் வராமல் போனால் பிள்ளை ஸ்கூல் ஃபீஸ் நிற்கும். உங்களுக்கு நடந்த அநியாயம் சின்னது என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான கடன்தான், நிஜமான நஷ்டம்தான். அதை எழுதித் தள்ளுகிற தைரியம் நமக்கு எங்கிருந்து வரும் என்பதைத்தான் அந்தப் பெரிய தொகை காட்டுகிறது. பரமண்டல ஜெபத்தில் வாராவாரம் "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்று சொல்கிறோமே, அது இந்தக் கணக்குத்தான்.

ஏலச்சீட்டுப் பணத்துல கொஞ்சம் கையை வெச்சுட்டேன். கடவுள்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டேன், அது போதுமில்லீங்க?

போதாது. சகேயு வரி வசூலிக்கிறவன், இயேசு அவன் வீட்டில் தங்கப் போனார், அவன் கணக்கைத் தீர்க்கிறதற்கு முன்னாலேயே போனார், அது கிருபை. உடனே அவன் எழுந்து நின்று, ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பித் தருகிறேன் என்றான். சீட்டுக் கட்டினவர்கள் வீட்டில் கல்யாணச் செலவு நின்றுபோயிருக்கும். முழுசாக முடியாவிட்டால் தவணை போட்டுக் கொடுங்கள். நேரில் போய்ச் சொல்லிக் கொடுப்பதுதான் கஷ்டம், அதைத் தவிர்க்கத்தான் பல பேர் கடவுளிடம் மட்டும் பேசிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

பங்காளி வண்டித்தடத்தை மறிச்சுக் கம்பிவேலி போட்டுட்டானுங்க. மன்னிக்கணும்னா கேஸை வாபஸ் வாங்கணுமா?

தோட்டங்காட்டுப் பக்கம் இருந்து வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை. தடம், பொதுக்கிணறு, வரப்பு, வாய்க்கால் முறை. அப்பாரு காலத்துச் சண்டைக்குப் பேரன் காலம் வரைக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எழவு வீட்டில்கூட ஆளுக்கொரு பக்கம் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

வேதத்தில் இதற்கு ஒரே பதில் இல்லை, இருக்கிற மாதிரி நான் பேசவும் மாட்டேன். ஆதியாகமம் 26-ல் ஈசாக்கு கிணறு வெட்டுகிறான், ஊர்க்காரர்கள் தண்ணீர் எங்களுடையது என்று வம்புக்கு வருகிறார்கள். விட்டுவிட்டு வேறொன்று வெட்டுகிறான், அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றுக்கு யாரும் வரவில்லை, அதற்கு ரெகொபோத் (விசாலமான இடம்) என்று பேர் வைத்தான். கொஞ்ச நாளில் விரட்டினவர்களே சமாதானம் பேச வந்தார்கள், அவர்களுக்கு விருந்து வைத்து அனுப்பினான். விட்டுக்கொடுக்க இடமிருந்தால் அது அருமையான வழி. ஆயிரம் அடி போர் போட்டும் தண்ணீர் வராத ஊரில் இன்னொரு கிணறு வெட்டிக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் கோர்ட்டுக்குப் போவதை 1 கொரிந்தியர் 6-ல் கண்டித்த பவுலே, தன்னை அநியாயமாய் ஒப்புக்கொடுக்கப் பார்த்தபோது இராயனுக்கு அபயமிட்டார், அதாவது ரோமச் சக்கரவர்த்தியிடம் மேல்முறையீடு செய்தார்.

அதனால் நான் சொல்வது: தடம் உங்களுக்கு உரிமைப்பட்டதென்றால் சர்வேயரைக் கூப்பிடுங்கள், வேண்டுமானால் கேஸும் நடக்கட்டும். ஆனால் அவன் மாடு செத்தால் சந்தோஷப்படுவது, அவன் பெண்ணுக்கு வருகிற சம்பந்தத்தைக் கலைப்பது, வாய்தா அன்றைக்கு அவனைப் பார்த்துக் காறித் துப்புவது, இதெல்லாம் நிற்க வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12:18 சொல்கிறது. அவன் பங்கு அவனுடையது.

வீட்டுக்காரர் குடிச்சுட்டு அடிக்கறார். மன்னிச்சுக் கூடவே இருன்னு சபையில சொல்றாங்க.

சபையில் அப்படிச் சொன்னவர் தப்பாகச் சொல்லியிருக்கிறார். சவுல் ராஜா தாவீதைக் கொல்ல ஈட்டி எறிந்தான், அப்புறம் துரத்தினான். இரண்டு தரம் சவுல் கைக்கு எட்டின தூரத்தில் கிடந்தும் தாவீது தொடவில்லை, பழிவாங்கவில்லை, அது மன்னிப்பு. சவுல் தப்பை ஒப்புக்கொண்டு "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிட்டபோதோ தாவீது அரண்மனைக்குத் திரும்பிப் போகவில்லை, அவன் கைக்கு எட்டாத தேசத்துக்குப் போய்விட்டான் (1 சாமுவேல் 24 முதல் 27 வரை). கோபத்தைக் கடவுள் கையில் விடுவது ஒன்று, ஈட்டி எறிகிற கைக்கு எதிரே போய் உட்காருவது இன்னொன்று.

அம்மா வீட்டுக்கோ, நம்பிக்கையான அக்கா வீட்டுக்கோ முதலில் போய்விடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் கூப்பிடலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005 உங்களுக்கும் பொருந்தும். அவர் உண்மையிலேயே மனந்திரும்பினாரா என்பதை அவர் அழுகையில் பார்க்காதீர்கள், பல மாசம் குடியை விட்டு இருக்கிறாரா என்று பாருங்கள்.

அப்பா போய்ச் சேர்ந்துட்டார். காடு மொத்தத்தையும் தம்பி பேருக்கே எழுதி வெச்சுட்டார். செத்தவரை எப்படி மன்னிக்கறது?

"பொண்ணுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சாச்சே" என்று சொல்லி நம் பக்கம் இது சாதாரணமாக நடக்கிறது. முதலில் அந்த வருத்தத்தை வருத்தம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். எண்ணாகமம் 27-ல் செலொப்பியாத்தின் ஐந்து பெண்கள் மோசே முன்னால் நின்று அப்பா சொத்தில் பங்கு கேட்டார்கள், அவர்கள் பேசுகிறது சரிதான் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். ஆகவே கேட்டதும் வருந்தினதும் பேராசை கிடையாது.

மன்னிப்புக்கு எதிராளி உயிரோடு இருக்க வேண்டியதில்லை, சமரசத்துக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒரு அம்மா, இறந்துபோன தன் அப்பாவுக்கு நாலு பக்கம் கடுதாசி எழுதினார், திட்டித்தான் எழுதினார், கடைசி வரியில் "இனி இதை உங்ககிட்ட கேக்க மாட்டேன்" என்று முடித்து ஜெபத்தில் வாசித்தார். கல்லறைத் திருநாளில் பூ வைக்கப் போகாமலிருந்தவர் அதற்கப்புறம் போகிறார். தம்பியோடு இன்னும் பேச்சில்லை, அது வேறு கணக்கு.

ஜெபம் பண்ணியும் நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, தூக்கமே இல்ல. மாத்திரை சாப்பிட்டா விசுவாசக் குறைவா?

இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை போடும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லையே. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்து "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டபோது, தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். 88-ம் சங்கீதம் ஒரு ஆறுதல் வரிகூட இல்லாமலே முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

"உலகம் கொடுக்கிறபிரகாரம் நான் உங்களுக்குக் கொடுக்கிறதில்லை" என்று இயேசு சமாதானத்தைப் பற்றிச் சொன்னது கைதான அதே ராத்திரி. கவலைப்படாதிருங்கள் என்று பிலிப்பியருக்குப் பவுல் எழுதினது காவலில் கட்டுண்டு இருக்கும்போது. படபடப்பே வராது என்று இரண்டு பேரும் வாக்குக் கொடுக்கவில்லை. டாக்டரைப் பாருங்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே 14416-க்குப் போன் பண்ணுங்கள், மனநல ஆலோசனை இலவசம், தமிழில் பேசலாம்.

குலதெய்வக் கோயில் கெடா விருந்துக்கு மாமனார் வீட்டுல கூப்பிடறாங்க. போனா பாவம், போகலைன்னா பகை. என்னங்க பண்றது?

கல்யாணம் கட்டி வந்த பிறகு விசுவாசத்துக்கு வந்தவர்களுக்கு இது பெரிய இக்கட்டு. பவுல் 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை இதைத்தான் பேசுகிறார். பலிபீடத்தில் பங்கெடுப்பதைக் கூடாது என்கிறார். ஒருவர் வீட்டு விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு என்கிறார். இது படைத்தது என்று யாராவது எடுத்துச் சொன்னால் சொன்னவர் நிமித்தம் சாப்பிட வேண்டாம் என்கிறார். கெடா விருந்து இந்த மூன்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பதில் எங்கள் கூட்டத்திலேயே இரண்டு கட்சி. நான் என்றால் முதல் நாளே போய்ப் பந்தல் வேலைக்கும் வாழை இலைக்கும் நிற்பேன், பூசையில் நிற்க மாட்டேன், கறி வேண்டாம் என்பதைப் பந்தியில் சொல்லாமல் முன்கூட்டியே மாமியாரிடம் தன்மையாகச் சொல்லிவிடுவேன். பல மாமியார்கள் தனியாக ஒரு ரசம் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் சாமியை நாம் ஏளனமாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் அப்புறம் எந்தச் சமாதானமும் நிற்காது.

சாதி பாத்து எங்களை அவமானப்படுத்தினவங்களை மன்னிக்கச் சொல்றீங்க. உங்க சபையிலயே அது இருக்குதுங்களே?

இருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில், பெண் கொடுப்பதில், கமிட்டி எலெக்‌ஷனில் இருக்கிறது. டீக்கடையில் இரட்டை டம்ளர் பார்த்து வளர்ந்தவர்கள் ஞானஸ்நானத் தண்ணீரோடு அதைக் கழுவிவிட்டு வரவில்லை. இதைக் கேட்டவர் அன்றைக்கு டீ குடிக்காமல் போனார், நான் வற்புறுத்தவில்லை.

அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு (யூதரல்லாதவர்களோடு) ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து தனியாகப் போய்விட்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக நேருக்கு நேர் எதிர்த்தார், கலாத்தியர் 2-ல் இருக்கிறது. பந்தியில் பிரிந்து உட்கார்ந்தது சுவிசேஷத்தையே கெடுக்கிற குற்றம் என்று கண்டித்தார், பிரிக்கப்பட்டவர்களைப் பார்த்து மன்னித்துவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை. எபேசியர் 2:14-ல் கிறிஸ்து "நடுச்சுவரைத் தகர்த்து" சமாதானம் உண்டாக்கினார் என்று வருகிறது. சுவர் அப்படியே நிற்க, ஒரு பக்கத்தாரை மட்டும் மன்னிக்கச் சொல்வதற்கு அந்த வசனத்தில் இடமில்லை.

ஈரோடு பிரப் சர்ச்சோ கோவை இம்மானுவேல் ஆலயமோ, பெரிய வெள்ளி மும்மணி ஆராதனை எங்கே நடந்தாலும், சிலுவையில் இயேசு சொன்னதாக வாசிக்கிற முதல் வார்த்தை "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பதுதான். அதைச் சொன்னவர் சிலுவையில் தொங்கினவர், ஆணி அடித்தவர்கள் அவரைப் பார்த்து மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. எப்போது, எப்படி மன்னிப்பது என்பது அவமானப்பட்டவர் கடவுளோடு பேசிக்கொள்ள வேண்டியது. எங்கள் பக்கத்தில் செய்ய வேண்டிய வேலை வேறு, கல்லறைத் தோட்டத்து நடுவில் நிற்கிற அந்தச் சுவரைப் பற்றி அடுத்த கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம், கையெழுத்துப் போட இதுவரை வந்தவர்கள் குறைச்சல்தான்.